ஜாவா மெமரியைத் தின்கிறது: ரஸ்ட்டுக்குப் போவதா, கோ போதுமா?

பெல்லந்தூர்வாசி:
வணக்கம். பெங்களூரில் ஒரு கம்பெனி. எங்கள் சர்வீஸ் 30 கோடி பொருள்களின் விலையை முழுக்க மெமரியிலேயே வைத்திருக்கிறது. ஜாவா 21, சாதாரண ஹேஷ்மேப் (கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவைத் தரும் அமைப்பு). கீ லாங், வேல்யூ இன்டிஜர் (இரண்டும் முழு எண் வகைகள்), விலை பைசாவில். 28 ஜிபி ஹீப்பில் (ஜாவா டேட்டாவை வைக்கும் மெமரி) 24 ஜிபி நிரம்பி, ஜிசி (தேவையற்ற மெமரியைத் தேடி விடுவிக்கும் வேலை) ஓயாமல் ஓடியது. ஹீப்பை 36 ஆக்கினோம். இப்போது அதே டேட்டா 28 ஜிபி பிடிக்கிறது! மெமரி லீக் (விடுவிக்கப்படாமல் தேங்கும் மெமரி) எதுவும் கிடைக்கவில்லை. டீம் லீட் ரஸ்ட் மொழி என்கிறார், பக்கத்து டீம் கோ மொழி என்கிறது. ரஸ்ட் தெரிந்தவர் இங்கே யாருமில்லை. எதை எடுக்கலாம்?

அல்சூர் அண்ணாச்சி:
லீக் இல்லை தம்பி. ஹீப் 32 ஜிபிக்குள் இருக்கும்வரை ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் மென்பொருள்) ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் (ஒரு ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரி) 4 பைட்டில் சுருக்கி வைக்கும். 32-ஐத் தொட்டால் அது 8 பைட். அதுதான் அந்தக் கூடுதல் 4 ஜிபி.

அப்புறம், உங்கள் உண்மையான டேட்டா எவ்வளவு? கீ 8, வேல்யூ 4, மொத்தம் 12 பைட். 30 கோடிக்கு 3.6 ஜிபி. சுருக்கம் இருக்கும்போதே ஹேஷ்மேப் நோட் (கீயையும் வேல்யூவையும் இணைக்கும் ஆப்ஜெக்ட்) 32, லாங் ஆப்ஜெக்ட் 24, இன்டிஜர் 16, மேலே டேபிளில் இடம். ஒரு பொருளுக்கு 80 பைட் வந்துவிடுகிறது. தேடும்போதும் ஒரு ஆப்ஜெக்ட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும், கேஷ் மிஸ் (ப்ராசஸர் பக்கத்து வேக மெமரியில் டேட்டா இல்லாமல் காத்திருப்பது) தனிக் கணக்கு.

ஃபாஸ்ட்யூட்டில் லைப்ரரியின் லாங்-டு-இன்ட் மேப்பைப் போடுங்கள். கீ ஒரு அரே, வேல்யூ ஒரு அரே, ஆப்ஜெக்ட்டே கிடையாது. ஆறரை ஜிபியில் முடியும். ஜிசிக்கும் தேடிப் பார்க்க ஒன்றும் இருக்காது. மொழியை மாற்றுவது அப்புறம்.

கோரமங்கலா கோ:
கோ ஆளாக இருந்தும் அண்ணாச்சி பக்கம்தான். கோ மொழியிலும் பாயின்டர் (ரெஃபரன்ஸ் மாதிரி முகவரி) இல்லாத மேப் என்றால் ஜிசி உள்ளே எட்டிப் பார்க்காது. பாயின்டர் நிறைந்தால் அங்கேயும் இதே தலைவலி. டிஸ்கார்ட் (அரட்டைச் செயலி) ஒரு சர்வீஸைக் கோ மொழியிலிருந்து ரஸ்ட்டுக்கு மாற்றியதற்குக் காரணமே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வந்த ஜிசி இழுவை. அந்த அளவு லேட்டன்ஸி (பதில் வர ஆகும் தாமதம்) உங்களுக்கு முக்கியமா? விலை சொல்லும் சர்வீஸுக்கு டீம் மொத்தமும் ரஸ்ட் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெல்லந்தூர்வாசி:
நன்றி இருவருக்கும். ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வரில்) போட்டுவிட்டேன், ஏழு ஜிபிக்குள் நிற்கிறது. லோட் ஆகும்போது மட்டும் மெமரி எகிறுகிறது, ஏன்?

அல்சூர் அண்ணாச்சி:
மேப் வளரும்போது பழைய அரேயும் இரட்டிப்பான புது அரேயும் சேர்ந்து நிற்கும். உருவாக்கும்போதே 30 கோடி என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று: இல்லாத கீயைக் கேட்டால் இதில் நல் (null, ‘எதுவும் இல்லை’) வராது, 0 வரும். பொருளை இலவசமாகக் கொடுத்துவிடப் போகிறீர்கள்! டீஃபால்ட் ரிட்டர்ன் வேல்யூவை -1 ஆக்குங்கள். பல த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) எழுதுகிறதென்றால், ஒன்றோடொன்று மோதாமல் தடுக்கும் லாக்கும் நீங்களேதான் போட வேண்டும்.