டெக்ஸ்சரை அழித்தது எந்த த்ரெட்?

வரைபடத் துண்டுகளைத் திரையில் நகர்த்திக் காட்டும் செயலி ஒன்றை சி பிளஸ் பிளஸிலும், ஜிபியு என்னும் கிராபிக்ஸ் சில்லைக் கொண்டு வரைய உதவும் ஓபன்ஜிஎல்லிலும் எழுதியபோது எனக்கு நேர்ந்தது இது. பின்னணி த்ரெட் (செயலிக்குள் மற்றவற்றோடு இணையாக ஓடும் வேலைத்தொடர்) பிஎன்ஜி படக்கோப்பைத் திறந்து, பிரித்து, அங்கேயே டெக்ஸ்சராகவும், அதாவது கிராபிக்ஸ் நினைவகத்தில் இருக்கும் படமாகவும், ஏற்றிவிடும்படி அமைத்திருந்தேன். ஆனால் ஓபன்ஜிஎல்லின் நிலையையெல்லாம் வைத்திருக்கும் கான்டெக்ஸ்ட் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டுக்கு மட்டுமே உரியது என்பதால், அது இல்லாத த்ரெட்டிலிருந்து போன அழைப்புகள் என் கணினியில் பிழைச்செய்தி எதுவுமின்றிக் கறுப்புச் சதுரங்களையும், நண்பரின் மடிக்கணினியில் க்ராஷையும் தந்தன. இரு த்ரெட்கள் ஒரே நேரத்தில் நுழையாமல் தடுக்கும் மியூட்டெக்ஸ் என்ற பூட்டைப் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. பூட்டு போட்டால் கான்டெக்ஸ்ட் கைமாறிவிடுமா என்ன?

பிறகு பின்னணி த்ரெட் பிக்சல்களை மட்டும் தயாரித்து வரிசையில் வைக்க, வரையும் த்ரெட் அவற்றை எடுத்து ஏற்றுமாறு மாற்றினேன். 4096க்கு 4096 ஆர்ஜிபிஏ (பிக்சலுக்கு நான்கு பைட்) படம் 64 எம்பி. ஒரே மூச்சில் ஏற்றினால் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கத் தேவையான 16.6 மில்லிவினாடிக்குள் ஃப்ரேம் (திரையின் ஒரு முழுப் படம்) முடியாமல் திரை திக்கியது. ஒரு தடவைக்கு 256 பிக்சல் வரிகளாக, ஃப்ரேமுக்கு 4 எம்பி வீதம் ஏற்றியதும் சீரானது.

ஆனாலும் அரை மணி நேரம் ஓடினால் கிராபிக்ஸ் நினைவகம் நிரம்பிவிடும். இரண்டு நாள் தேடியபின்தான் காரணம் பிடிபட்டது: டெக்ஸ்சரை, பலர் பிடித்திருந்து கடைசியாக விடுபவரிடம் தானே அழியும் ஷேர்ட் பாயின்டரில் வைத்திருந்தேன், சில வேளைகளில் கடைசிப் பிடியை விடுவது பின்னணி த்ரெட்டாக இருந்ததால், அழிக்கும் நிரல்பகுதியான டிஸ்ட்ரக்டர் அங்கேயே ஓடி, டெக்ஸ்சரை விடுவிக்கும் ஜிஎல்டெலீட்டெக்ஸ்சர்ஸ் கான்டெக்ஸ்ட் இல்லாத இடத்தில் அழைக்கப்பட்டு வீணாகியிருக்கிறது. உருவாக்கும் இடத்தைப் பலமுறை சரிபார்த்த நான், அழிக்கும் இடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது டிஸ்ட்ரக்டர் டெக்ஸ்சரின் எண்ணை மட்டும் ஒரு குப்பை வரிசையில் போடுகிறது. ஃப்ரேம் முடியும்போது வரையும் த்ரெட் அதைக் காலி செய்கிறது.

*

மேலே எழுதியவரைப் போல ஏற்றும் வேலையை வரையும் த்ரெட்டுக்கு மாற்றாமல், நான் வேறு வழியில் போனேன். ஜன்னலையும் கான்டெக்ஸ்டையும் உருவாக்கித் தரும் நிரல்நூலகமான ஜிஎல்எஃப்டபிள்யூவில் ஜன்னலை முதன்மை த்ரெட்டில்தான் உருவாக்க வேண்டும் என்பதால், அங்கே மறைவான ஜன்னல் ஒன்றை உருவாக்கி, முதன்மைக் கான்டெக்ஸ்டுடன் பகிரும் அதன் கான்டெக்ஸ்டைப் பின்னணி த்ரெட்டுக்குக் கொடுத்தேன். டெக்ஸ்சரும் தரவைச் சேமிக்கும் பஃபரும் பகிரப்படும், பஃபரிலிருந்து புள்ளிகளை எப்படி வாசிப்பது என்பதைக் குறித்துவைக்கும் வெர்டெக்ஸ் அரே ஆப்ஜெக்ட் பகிரப்படாது என்பதை அறியாமல், பின்னணி த்ரெட்டில் உருவாக்கியதை வரையும் த்ரெட்டில் பைண்ட் (பயன்பாட்டுக்குத் தேர்வு) செய்துவிட்டு, ஒரு மாலை முழுவதும் வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அது சரியானபின்னும் எப்போதாவது பாதி ஏறிய படம் தெரிந்தது. ஏற்றி முடித்ததும், முந்தைய கட்டளைகள் முடிந்ததைத் தெரிவிக்கும் ஃபென்ஸ் என்ற குறியை ஜிஎல்ஃபென்ஸ்சிங்கால் வைத்து, உடனே கட்டளைகளை ஜிபியுவுக்கு அனுப்பிவைக்கும் ஜிஎல்ஃப்ளஷை அழைத்து, ஃபென்ஸ் நிறைவேறியபின்னரே டெக்ஸ்சரை வரையும் த்ரெட்டிடம் ஒப்படைக்கத் தொடங்கியபோது அது நின்றது. ஃப்ளஷை விட்டுவிட்டால் ஃபென்ஸ் ஜிபியுவுக்குப் போய்ச் சேராமலே தங்கிவிடலாம். எதிர்முனையில் காத்திருக்கும் த்ரெட் காத்துக்கொண்டே இருக்கும்.