மறு: ரெக்கவரி = மீட்பு?

வணக்கம் ஐயா,

ஏசியைக் குளிரவைக்கும் கேஸைக் கையாளும் மூன்று வேலைகளுக்கு உங்கள் சொற்பட்டியலில் நீங்கள் தந்திருக்கும் சொற்கள் இவை:

> ரெக்கவரி: மீட்பு. ரீசைக்கிளிங்: மறுசுழற்சி. ரிக்ளெயிம்: மீட்டெடுப்பு.

முதல் சொல்லையும் மூன்றாவதையும் என் மாணவர்கள் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். தாராவியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏசி மெக்கானிக்குகளுக்குச் சான்றிதழ்த் தேர்வுக்காகத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். குழாயைப் பற்றவைக்கும் பிரேஸிங், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியெடுக்கும் வேக்யூம் எல்லாம் கை பழகியவர்கள். ஆனால் இந்த மூன்று வேலைக்கும் அவர்களிடம் இருப்பது ஒரே சொல்: 'கேஸ் எடுக்கிறது'. பழைய கேஸை மொட்டை மாடியில் திறந்துவிடுவதற்கும் அதே சொல்தான். எனக்கு உறுத்துவது அதுதான். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 என்ற கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது சுமார் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், ஓசோனையும் அரிக்கும்.

ரெக்கவரி என்பது மெஷினில் இருக்கும் கேஸை, அது எந்த நிலையில் இருந்தாலும், அப்படியே தனி சிலிண்டரில் பிடித்துவைப்பது. ரீசைக்கிளிங்கில் அதிலுள்ள எண்ணெய், ஈரம், அமிலம் ஆகியவற்றை ஃபில்டர் டிரையர் வழியாக நீக்குகிறோம். ரிக்ளெயிம் ஆலையில் நடப்பது. புது கேஸின் தரம் வந்துவிட்டதா என்று லேபில் சோதித்தாக வேண்டும். ஆர்-22உம் ஆர்-410ஏ என்ற வேறு வகைக் கேஸும் ஒரே சிலிண்டரில் கலந்துவிட்டால் எந்த ஃபில்டரும் பிரித்துத் தராது.

ரெக்கவரிக்கு 'இறக்கல்' என்று வைக்கலாம். கேஸ் 'ஏத்துறோம்' என்று ஏற்கெனவே சொல்கிறார்கள், அதன் எதிர்ச்சொல் கையிலேயே இருக்கிறது. போன வாரம் இதைச் சொன்னதும் உடன்குடிக்காரர் ஒருவர், "பதனி இறக்குற மாதிரியா சார்? அப்ப கலயத்துல பிடிக்கணும், ஒரு சொட்டு கீழ போகக் கூடாது" என்றார். வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிட்டது. சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, சூட்டில் திரவம் விரியும் என்பதையும் அந்தக் கலயத்தை வைத்தே சொல்லி முடித்தேன்.

ரீசைக்கிளிங்குக்கு 'வடித்தல்', ரிக்ளெயிமுக்கு 'புதுக்கல்'.

2019இல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. நம் ஆட்களும் அதில் சேர வேண்டும் என்பதால்தான் இந்தச் சொற்களுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

---

> கேஸ் ஏத்துறோம் என்று ஏற்கெனவே சொல்கிறார்கள்

தம்பி, 'வடித்தல்', 'புதுக்கல்' இரண்டும் எனக்குச் சம்மதம். 'இறக்கல்' மட்டும் இடிக்கிறது. டெம்போவிலிருந்து சிலிண்டரைக் கீழே வைப்பதும் 'இறக்குறது'தானே?

---

ஐயா, நியாயமான கேள்வி. எதை இறக்குகிறோம் என்பதைச் சேர்த்தே சொல்லிவிடலாம்: வகுப்பில் 'கேஸ் இறக்கல்', சொற்பட்டியலில் 'குளிர்பதனி இறக்கல்' (குளிர்பதனி என்பது இந்த கேஸ்தான், ரெஃப்ரிஜிரன்ட்). குழாய்க்குள் பாதி திரவமாக ஓடுவதால் பட்டியலில் 'கேஸ்' என்று எழுத எனக்கும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.