சுருங்கிக்கொண்ட ஹேமர் பவளம், கவிழ்ந்து கிடக்கும் நத்தைகள்: டெஸ்ட் எல்லாம் சரி, எங்கே தவறு?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என் ரீஃப் தொட்டிக்கு (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) நான்கு மாதம் ஆகிறது. கல், மணல் போக 180 லிட்டர் தண்ணீர். சைக்கிள் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா தொட்டியில் வளரும் காலம்) முடிய ஐந்து வாரம் பொறுத்திருந்த பிறகுதான் மீனே விட்டேன். இரண்டு கோமாளி மீன், ஒரு ஹேமர் பவளம், கொஞ்சம் ஜோவா (பொத்தான் போன்ற சின்னப் பவளம்), ஆறு டர்போ நத்தை.

போன வாரம் வரை ஹேமர் கையகலத்துக்கு விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. இப்போது உள்ளே இழுத்துக்கொண்டு, ஓரத்தில் எலும்புக்கூட்டின் வெள்ளை வரிகள் தெரிகின்றன. ஜோவா பாதிதான் திறக்கிறது. நத்தைகள் மணலில் கவிழ்ந்து கிடக்கின்றன. எடுத்துக் கண்ணாடியில் வைத்தால் பிடிப்பில்லாமல் நழுவி விழுகின்றன. இரண்டு செத்தேவிட்டன. ஆனால் மீன்கள் எப்போதும்போலத் தீனி எடுக்கின்றன. அதுதான் குழப்பமே.

நேற்று பார்த்த அளவுகள்: வெப்பம் 25.5 டிகிரி, அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 10.2 டிகேஎச், கால்சியம் 505, மக்னீசியம் 1580. உப்பு ஹைட்ரோமீட்டரில் (தண்ணீரின் அடர்த்தியை முள் மேலேறிக் காட்டும் கருவி) 1.025. மருந்து, டோசிங் (கால்சியம் போன்றவற்றைத் தனியாகச் சேர்ப்பது) எதுவும் கிடையாது. தயவுசெய்து உதவுங்கள், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

பதில் 1

ஹேமர் விளக்குக்கு நேர் கீழே இருந்தால் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். பவர்ஹெட் (நீரோட்டம் தரும் பம்ப்) தண்ணீரும் அதன்மேல் நேராக அடிக்கக் கூடாது. கூடவே 25 சதவீதம் தண்ணீர் மாற்றிப் பாருங்கள்.

பதில் 2

தண்ணீர் மாற்றுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். விளக்கு அதிகமென்றால் பவளம் சுருங்கும், சரி. நத்தை ஏன் சாகிறது?

எனக்கு அந்த மூன்று அளவுகள்தான் உறுத்துகின்றன. டோசிங் இல்லாத தொட்டியில் ஆல்கலினிட்டி, கால்சியம், மக்னீசியம் மூன்றும் ஒன்றாக எப்படி ஏறும்? முதல் மாதம் குறித்த அளவுகள் இருந்தால் போடுங்கள். அப்புறம், ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு என்ன ஊற்றுகிறீர்கள்?

கேட்டவர்

நோட்டில் இருக்கிறது அண்ணா. முதல் மாதம் ஆல்கலினிட்டி 8.5, கால்சியம் 420, மக்னீசியம் 1320.

தினமும் ஏறத்தாழ 2 லிட்டர் ஆவியாகிறது. முன்பு ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றினேன். தண்ணீர் மாற்றக் கலக்கிய உப்புத் தண்ணீர் ஒரு டிரம் மீதி இருந்ததால், வீணாக்க வேண்டாமே என்று கடைசி பதினெட்டு நாளாக அதைத்தான் ஊற்றுகிறேன். ஆனால் ஹைட்ரோமீட்டர் 1.025 தாண்டவே இல்லையே?

பதில் 2

விஷயம் அங்கேதான் இருக்கிறது தம்பி. மூன்று அளவையும் பழையதோடு வகுத்துப் பாருங்கள், மூன்றிலும் 1.2 வரும். மூன்று டெஸ்ட் கிட்டும் ஒரே விகிதத்தில் பொய் சொல்லாது. உப்பே 20 சதவீதம் கூடியிருக்கிறது.

ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நீங்கள் ஊற்றிய 2 லிட்டரில் சுமார் 70 கிராம் உப்பு. பதினெட்டு நாளில் 1260 கிராம். அதை 180 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 7 கிராம். 35 பிபிடி (ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு என்ற அளவு) இருக்க வேண்டிய இடத்தில் 42 இருக்கிறது என்பது என் கணக்கு.

மீன் தாக்குப்பிடிப்பதற்கும் காரணம் உண்டு. கடல் மீன் தண்ணீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். நத்தைக்கும் பவளத்துக்கும் அந்த வசதி கிடையாது. வெளியே உப்பு ஏறினால் உடம்புக்குள்ளும் ஏறும்.

ஹைட்ரோமீட்டரை இன்றே சோதித்துவிடலாம். சமையலறைத் தராசில் 36.5 கிராம் அயோடின் இல்லாத தூள் உப்பு, 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீர். நன்றாகக் கரைந்ததும் அதில் அளந்தால் முள் 1.026 பக்கம் நிற்க வேண்டும். இதே கரைசல் ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளிவிலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி) 35 காட்டும்; அதை அளவு திருத்தவும் உதவும்.

கேட்டவர்

அண்ணா, 1.020 காட்டுகிறது! உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். முள்ளின் மேல்பக்கம் முழுக்க வெள்ளையாக, விரலால் தேய்த்தால் சொரசொரவென்று ஒரு படலம்.

பதில் 2

அந்தப் படலத்தின் எடைதான் முள்ளைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கழுவி மறுபடி பாருங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டி விடுங்கள். குமிழி முள்ளைத் தூக்கி அளவைக் கூட்டிக் காட்டும்.

தண்ணீர் மாற்றவேண்டாம் என்றதும் இதற்காகத்தான். இந்த முள்ளை நம்பிப் புது உப்புக் கலக்கியிருந்தால் அதுவும் 42 ஆகத்தான் இருந்திருக்கும்.

பதில் 1

இதை நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர் மாற்றச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

கேட்டவர்

கழுவிய பிறகு உப்புக் கரைசலில் சரியாக 1.026. தொட்டித் தண்ணீரில் முள் 1.030 கோட்டையும் தாண்டி மேலே முட்டி நின்றுவிட்டது. நண்பர் ஒருவரின் ரிஃப்ராக்டோமீட்டரை அதே கரைசலில் திருத்திப் பார்த்தேன். 42. நீங்கள் சொன்ன அதே எண். ஒரேயடியாக நல்ல தண்ணீர் ஊற்றிக் குறைத்துவிடவா?

பதில் 2

கூடவே கூடாது. நாளுக்கு 1 பிபிடி போதும். 42 இலிருந்து 41 ஆக்க, 180ஐ 42ஆல் வகுத்தால் 4.3 லிட்டர். அவ்வளவு தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு ஆர்ஓ தண்ணீரைத் தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெல்ல விடுங்கள். தினமும் அளந்து, புது எண்ணை வைத்து வகுங்கள். கடைசி நாள் 5 லிட்டர் வரும். ஆவியாவதற்குத் தனியாக ஆர்ஓ ஊற்ற வேண்டும், அதை இதில் சேர்க்காதீர்கள்.

ஆல்கலினிட்டியும் கால்சியமும் தாமாகவே இறங்கிவிடும். ஹேமரை இடம் மாற்றித் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கேட்டவர் (9 நாள் கழித்து)

நேற்று 35க்கு வந்தது. ஆல்கலினிட்டி 8.4. இன்னொரு நத்தையும் போய்விட்டது, வருத்தமாக இருக்கிறது. மீதி மூன்றும் கண்ணாடியில் ஏறிப் பாசி தின்கின்றன. ஹேமரின் ஒரு கிளையில் மட்டும் இன்று காலை பச்சை நுனிகள் அரை விரல் நீளம் வெளியே வந்திருந்தன. ரொம்ப நன்றி அண்ணா.

சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டிவிட்டேன். பக்கத்திலேயே ஒரு ஆர்ஓ கேன் வைத்து, அதன் மேல் "டாப் அப்புக்கு இது மட்டும்" என்று எழுதியிருக்கிறேன்.