விடைத்தாள் திருத்தும்போது நாமே அறியாத மனச்சாய்வை எப்படிக் கண்டுகொள்வது?
(பதில் சொல்பவர்கள்: அளவுகோல், சுண்ணக்கட்டி என்ற புனைபெயர்களில் இருவர்)

கேள்வி (தமிழாசிரியை):
மேல்நிலை வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவர் பெயர் தெரிவதில்லை. ஆனால் காலாண்டு, அரையாண்டுத் தாள்களைப் பாட ஆசிரியர்களே திருத்துகிறோம். அகமதிப்பீட்டுக்குரிய 10 மதிப்பெண்ணும் எங்கள் கையில்தான் இருக்கிறது. ஒருமதிப்பெண் வினாக்களில் சிக்கல் இல்லை. நெடுவினாவுக்கு 4 இடுவதா 5 இடுவதா என்று பேனா தயங்கும் இடத்தில், எழுதியவர் யார் என்பது முடிவில் எவ்வளவு கலக்கிறது? "எல்லாரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன்" என்று ஆசிரியர் அறையில் அனைவரும் சொல்கிறோம். அதை எப்படிச் சோதிப்பது?

அளவுகோல்:
அம்மா, ரெமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தியாவிலேயே இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். சிறுவர்கள் எழுதிய தேர்வுத் தாள்களின் முகப்பில் சாதி, பாலினம், வயது ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறித்த தாள்களுக்குச் சற்றுக் குறைவான மதிப்பெண் விழுந்தது. வேறுபாடு சிறியதுதான், ஆனால் இரண்டு செய்திகள் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கின்றன. அந்தக் குறைவு பெரும்பாலும் அதே பிரிவைச் சேர்ந்த ஆசிரியர்கள் திருத்திய தாள்களிலேயே காணப்பட்டது. ஆகவே இதை வெறுப்பு என்று மட்டும் விளக்கிவிட முடியாது. மேலும், திருத்தத் தொடங்கிய நேரத்துத் தாள்களில்தான் சாய்வு மிகுந்திருந்தது. மதிப்பிடும் அளவு மனத்தில் படியாதபோது வேறு அடையாளங்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கின்றன என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

சுண்ணக்கட்டி:
மேலே சொன்னதிலிருந்தே நடைமுறை கிடைக்கிறது. நெடுவினாவின் விடைக்குறிப்பை, எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரித்து, விடைத்தாள் கட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். ஒரு மாணவரின் தாளை முழுதாகத் திருத்தாமல், எல்லாரும் எழுதிய ஒரே வினாவை முடித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள். முதல் விடை அழகாக இருந்தால் அடுத்த விடையின் ஓட்டைகள் கண்ணில் படாமல் போவது அப்போது குறையும். முதலில் திருத்திய சில தாள்களைக் கடைசியில் மீண்டும் பாருங்கள். பெயரை மறைப்பது நல்லதே, ஆனால் தன் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து எந்த ஆசிரியருக்குத்தான் தெரியாது? அதற்கு அடுத்த பிரிவு ஆசிரியரோடு கட்டை மாற்றிக்கொள்வதே வழி.

தமிழாசிரியை:
நன்றி. இணையத்தில் மனச்சாய்வை அளக்கும் சோதனைகள் இருக்கின்றனவே, அவை உதவுமா? இன்னொரு தயக்கமும் உண்டு: வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைக்கு அரை மதிப்பெண் கூட்டி ஊக்கம் தருவதும் தவறா?

அளவுகோல்:
1998இல் அறிமுகமான, சொற்களையும் படங்களையும் விரைவாக வகைப்படுத்தச் சொல்லும் சோதனையைக் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். ஒரே ஆள் மறுமுறை செய்தால் வேறு முடிவு வரக்கூடும். அது அன்றாட நடத்தையை எவ்வளவு முன்கூட்டிச் சொல்கிறது என்பதிலும் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. அந்த அளவீட்டைக் குறைக்கும் பயிற்சிகளின் பலனும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ மறைந்துவிடுவதாக 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உங்கள் பழைய தாள்கள் பத்தைப் பெயரில்லாமல் படியெடுத்து வேறொருவரிடம் திருத்தத் தந்து ஒப்பிடுவது அதைவிட நேரடியான சோதனை.

சுண்ணக்கட்டி:
ஊக்கத்தை ஓரக்குறிப்பில் எழுதுங்கள். மதிப்பெண்ணில் சலுகை வேண்டுமானால், எந்த நிலைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே விதியாக்கி எல்லாருக்கும் பொருத்துங்கள். அகமதிப்பீட்டில் வருகையையும் சிறுதேர்வையும் பதிவேடே சொல்லிவிடும். ஒப்படைப்பு, இணைச்செயல்பாடு ஆகியவற்றில்தான் மனம் போனபடி இட இடமிருக்கிறது. அவற்றை ஆண்டிறுதியில் நினைவிலிருந்து இடாமல், நடந்த அன்றே குறித்துவிடுங்கள்.