பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மலைப்பிள்ளைகளைக் கடற்கரை முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: கோத்தகிரி அம்மா

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. என் மகள் இந்த மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி முடித்தாள். பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைகளுக்கென்று எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தார் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தரங்கம்பாடியில் ஐந்து நாள் கடற்கரை முகாம் வைத்திருக்கிறார்கள். அவள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை, நீச்சலும் தெரியாது. "கோடையில் சமவெளிச் சபையார் எல்லாரும் முகாமுக்காக நம் மலைக்கு ஏறி வருகிறார்கள், நம் பிள்ளைகள் எதற்கு வெயிலில் கடலுக்கு இறங்க வேண்டும்?" என்று அவளுடைய அப்பா கேட்கிறார். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கும் மனம் நிலைகொள்ளவில்லை. ஆயினும் ஜூனில் கோயம்புத்தூர் விடுதிக்குப் போகவிருக்கிற பிள்ளையை இப்போதே கையைப் பிடித்து நிறுத்துவது சரிதானா என்றும் தோன்றுகிறது. முகாம் நடத்தியவர்களும் போய் வந்தவர்களும் சொல்லுங்கள்: பொறுப்பாளர்களிடம் நான் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

பதில் 1: குன்னூர் முகாம் ஊழியன்

சகோதரிக்கு ஸ்தோத்திரம். பல ஆண்டுகளாக இத்தகைய முகாம்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் கருத்து, அனுப்புங்கள் என்பதே. ஆனால் கடலில் பிள்ளைகளுக்கு அப்பால் யார் நிற்பார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகே அனுப்புங்கள்.

நம் பிள்ளைகளுக்கு வழுக்குப் பாறையும் அட்டையும் பனிமூட்டமும் தெரியும், அலை தெரியாது. கரைக்கு ஏறி வரும் நீர் திரும்பிப் போகும்போது மணலில் ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஆறுபோலக் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது என்பதால், பார்ப்பதற்கு அதுதான் அமைதியான இடமாகத் தோன்றும். கடலை அறியாத பிள்ளை அங்கேயே போய் இறங்கும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துத்தான் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகே திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு இது ஏட்டுப்பாடம் மட்டுமே. ஆகவே முழங்காலுக்கு மேல் நீரில் இறங்க விடவே கூடாது. தென்கோடிப் பெருங்கடலில் எழும் அலைகள் இங்கே காற்றே இல்லாத நாளில்கூடத் திடீரென்று கரையேறுவதுண்டு. கள்ளக்கடல் என்பது அதைத்தான். இதற்கு ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் முன்னெச்சரிக்கை விடுக்கிறது. அதை அன்றாடம் காலையில் பார்ப்பவர் யார் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

ஒருமுறை நாங்கள் அழைத்துச் சென்ற பையன் ஒருவன் இடுப்பளவு நீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவன், அடுத்த அலையில் காணாமற்போனான். வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பாய்ந்து, தலைமுடியைப் பற்றி அவனை இழுத்து வந்தார். கரையில் கிடந்து அவன் உப்புநீரைக் கக்கியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. தவறு எங்களுடையது. அதன்பிறகு, அந்த ஊர் மீனவர் இருவரைக் கூலி பேசி அமர்த்தாமல் நாங்கள் ஒருவரையும் நீரில் விடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் போகிறவர்கள் அப்போது ஊரில்தான் இருப்பார்கள். கூலியும் அவர்களுக்கு உதவியாக இருக்கும். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுகிறோம். விசில் ஊதியதும் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும், ஒற்றைக் கை தெரிந்தால் எல்லாரும் கரையேற வேண்டும். பெண்பிள்ளைகள் துப்பட்டாவை அறையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். நனைந்த துப்பட்டா காலைச் சுற்றினால் முழங்கால் நீரே போதும்.

கடல் எதற்கு என்ற உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. கடற்கரையில் பிள்ளைகளைக் கூட்டி வேதம் சொல்வது இன்று நேற்று வந்ததன்று. 1868-இல் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் மணலில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று பெரிதாக எழுதி, சிறுவர்களைக் கொண்டு அவ்வெழுத்துகளைச் சிப்பியாலும் கடற்பாசியாலும் நிரப்பினார். தரங்கம்பாடிக்கு வேறு காரணமும் இருக்கிறது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்திறங்கிய கரை அது. தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேதான் அச்சேறியது. 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நாம் வாசிக்கிற வேதம் எந்த மணலில் கால்வைத்து வந்தது என்று பள்ளியை முடித்த பிள்ளை நேரில் பார்ப்பது நல்லது.

பதில் 2: கொடைக்கானல் மாணவி

அக்கா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதுபோன்ற ஒரு முகாமுக்குப் போனேன், பெயர் வேண்டாம். எங்கள் முகாமில் கடலைப் பற்றி எல்லாம் கவனமாகச் செய்தார்கள். ஆனால் கடைசி இரவு தீமூட்டிப் பாடி முடித்ததும், "இன்றைக்கு இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று அழைத்து, உட்கார்ந்திருந்தவர்களின் பக்கத்தில் வந்து நின்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். என் தோழி அழுதுகொண்டே எழுந்தாள். ஊருக்குத் திரும்பியபின் ஆலயத்துக்கு வரவே அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. நான் எழவில்லை. அதற்காகப் பேருந்தில் என்னிடம் ஒருவரும் சரியாகப் பேசவில்லை என்பது இன்னமும் வலிக்கிறது.

என்னிடம் தங்கியது வேறொரு காலை. விடியும் முன் எங்கள் குழுவின் அக்கா கரையில் அடுப்பு மூட்டி மீன் சுட்டார். யோவான் 21-ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் ஒன்றும் அகப்படாத சீஷர்களுக்கு இயேசு கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்திருந்த பகுதியை வாசித்துவிட்டு, எதையும் விளக்காமல் எங்கள் கையில் சூடாக மீனைக் கொடுத்தார். தம்மைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவை முதலில் சாப்பிட வைத்துவிட்டுத்தான், என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று அவர் கேட்டார் என்பதை அன்றுதான் கவனித்தேன். கல்லூரி விடுதியில் தனித்துப்போன நாட்களில் எனக்குத் துணையிருந்தது அந்தக் காலைதான். ஆகவே, கடைசி இரவில் என்ன செய்வார்கள், எழாத பிள்ளையை எப்படி நடத்துவார்கள் என்று தயவுசெய்து கேளுங்கள்.

பதில் 3: மேட்டுப்பாளையம் வாசகர்

மகள் நீட் எழுதுகிறாளா என்று நீங்கள் சொல்லவில்லை. சில ஆண்டுகளாக அது மே முதல் ஞாயிற்றுக்கிழமையில் வருவதால், எழுதுகிற பிள்ளை ஏப்ரலில் ஐந்து நாளை விடுவது கடினம். மற்றபடி கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறைக்கு ஜன சதாப்தி ரயில் இருக்கிறது, அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் பேருந்தில் போய்விடலாம். திரும்பும்போது சமவெளிப் பதிவெண் கொண்ட வேனில் மலையேறினால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவூட்டுங்கள். வெயிலைச் சிறிதாக எண்ண வேண்டாம். குளிரில் வளர்ந்த பிள்ளைக்குத் தாகம் தெரியுமுன்பே தலைசுற்றும். பகல் பதினொன்று முதல் நான்கு வரை நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.

கோத்தகிரி அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் நீட் எழுதவில்லை, பி.காம். சேரப்போகிறாள். நேற்று ஆராதனை முடிந்ததும் பொறுப்பாளரைச் சந்தித்தேன். மீனவர்களை அமர்த்துவது குறித்து அவர்கள் யோசிக்கவே இல்லை. குறித்துக்கொண்டு, தரங்கம்பாடி ஆயரிடம் பேசி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பெண்பிள்ளைகளின் அறையில் தங்க இரண்டு ஆசிரியைகள் உடன் வருகிறார்கள். கடைசி இரவைப் பற்றிக் கேட்டபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுந்து நிற்கச் சொல்ல மாட்டோம், பேச விரும்புகிறவர்கள் மறுநாள் காலையில் வந்து பேசலாம் என்று மட்டும் சொல்கிறோம்" என்றார். மீனவர்கள் உறுதியானதும் பணம் கட்டுவதாகச் சொல்லி வந்திருக்கிறேன். இன்னும் ஒன்று குன்னூர் சகோதரரிடம் கேட்க வேண்டும்: காலில் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு நீரில் நிற்கலாமா, அல்லது வெறுங்காலே நல்லதா?

குன்னூர் முகாம் ஊழியன்

வெறுங்காலே நல்லது, சகோதரி. செருப்பை அலை பிடுங்கும். பிள்ளை அதன் பின்னே ஓடும். மணல் சுடுவதால் கரைவரை போட்டுக்கொண்டு வந்து, அங்கே கழற்றி வைக்கட்டும்.