டர்போ, சோப்புத் தண்ணீர், இஸ்திரி பாட்டில்

வாட்ஸ்அப் குழு: சேர்வராயன் சொந்தங்கள்

சனிக்கிழமை

[மாலை 6:42] பிரபு: ஒரு சந்தேகம். என் டர்போ வண்டி, பலேனோ ஆர்எஸ், ஏற்காட்டு மலையில் முன்பு மாதிரி இழுக்கவில்லை. மூன்றாவது கியரிலேயே ஏறிய இடத்தில் எல்லாம் இப்போது இரண்டாவது போட வேண்டியிருக்கிறது. இன்ஜின் லைட் வேறு வந்து வந்து போகிறது.

[6:43] விக்கி: அண்ணா, நான் அப்போதே சொன்னேன். ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டுவிடு, இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றிச் சக்தியை ஏற்றிவிடுவார்கள். 102 பிஎஸ் சக்தி எல்லாம் இந்தக் காலத்தில் பால் வண்டி.

[6:44] நித்யா: என்னுடையது டர்போ இல்லாத பலேனோ, 84 பிஎஸ். அப்போ நான் ஓட்டுவது என்ன, தள்ளு வண்டியா?

[6:44] விக்கி: நான் ஒன்றும் சொல்லவில்லை அக்கா, நீங்களே சொல்லிக்கொண்டீர்கள் 😄

[6:50] அம்மா: ரீமேப் என்றால் எவ்வளவு ஆகும்?

[6:51] விக்கி: ஒரு நல்ல போன் வாங்குகிற காசுதான் பெரியம்மா.

[6:51] அம்மா: யாருடைய போன்? என்னுடையதா, உன்னுடையதா?

[6:58] குமார் மாமா: மாப்பிள்ளை, ரீமேப் கிடக்கட்டும். லைட் வந்ததே, என்ன கோட்? கோளாறு கோட் படிக்கிற ஓபிடியைச் சொருகிப் பார்த்தாயா?

[7:01] பிரபு: பி 0299 என்று வந்தது மாமா. சென்சாரும் போய்விட்டது என்று நினைக்கிறேன். இன்ஜினைக் கிளப்பாமல் சாவி மட்டும் போட்டுப் பார்த்தால் வீட்டு வாசலில் இன்டேக் பிரஷர் 98 காட்டுகிறது. போன வாரம் பெரியப்பா வீட்டு வாசலில் இதே மாதிரி பார்த்தேன், 85. இஷ்டத்துக்கு மாறுகிறது.

[7:02] குமார் மாமா: சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. உனக்குத்தான் பிளஸ் டூ பிசிக்ஸ் போய்விட்டது.

[7:02] பிரபு: ஆரம்பித்துவிட்டார்.

[7:10] குமார் மாமா: ஆரம்பிக்காமல்? முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் கத்தியிருக்கிறேன். கேள். இன்ஜின் ஓடாதபோது அந்த சென்சார் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம். சேலம் கடல் மட்டத்துக்கு மேலே 280 மீட்டர் அளவில் இருக்கிறது, அதனால் 98 கிலோபாஸ்கல். ஏற்காடு 1,500 மீட்டர், அங்கே 85. உன் சென்சார் ஒரு பாரோமீட்டர் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது. அதைப் போய் மாற்றிவிடாதே.

[7:12] நித்யா: அதனால்தான் பதினைந்தாவது வளைவுக்கு மேல் என் வண்டி பெருமூச்சு விடுகிறதா மாமா?

[7:19] குமார் மாமா: ஆமாம்மா. உன் வண்டி தானாக இழுக்கிற மூச்சுதான். மேலே காற்று மெலிந்தால் உள்ளே போவதும் குறையும். குளிர் கொஞ்சம் ஈடுகட்டும், இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சக்தி குறைந்துதான் போகும். பிரபு வண்டி அப்படி இல்லை. புகை வெளியே போகிற வழியில் ஒரு விசிறி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. புகை முதல் விசிறியைச் சுற்ற, இரண்டாவது காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். வேகமாகப் போனால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். மலை ஏறும்போது காற்று மெலிந்தால் கம்ப்யூட்டர் வேஸ்ட்கேட்டை, அதாவது புகையை விசிறிக்குப் போகாமல் திருப்பிவிடுகிற கதவை, இன்னும் கொஞ்சம் மூடி, விசிறியை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டு, வேண்டிய அழுத்தத்தைப் பிடித்துவிடும். அதனால் மாப்பிள்ளை, மலையில் நித்யா வண்டி திணறினால் உயரத்தைச் சொல்லலாம். உன் வண்டி திணறினால் சொல்ல முடியாது. பி 0299 என்றால் கேட்ட அழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். அமுக்கின காற்று எங்கேயோ ஓடிப்போகிறது.

[7:21] ஏற்காடு பெரியப்பா: குமார் நல்லா சொன்னீங்க. இங்கே மழை தூறுகிறது.

[7:24] பிரபு: மாமா, நாலாவது கியரில் முழுசாக மிதித்தாலும் இன்டேக் பிரஷர் 140-க்கு மேல் போகவில்லை. பொங்கலுக்கு ஏறும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, அதில் 180.

[7:25] குமார் மாமா: பொங்கலுக்கும் இப்போதைக்கும் நடுவில் வண்டியில் யார் கை வைத்தது?

[7:27] பிரபு: பம்பரைக் கழற்றி இன்டர்கூலரை, அதுதான் டர்போ அமுக்கின காற்றை ஆற்றுகிற ரேடியேட்டரை, சுத்தம் செய்யக் கொடுத்தேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

[7:27] குமார் மாமா: கேட்கவில்லை. ஹோஸ் கிளிப்.

[7:28] பிரபு: என்ன?

[7:28] குமார் மாமா: ஹோஸ் கிளிப்பைச் சரியாக முடுக்கியிருக்க மாட்டார்கள். நாளைக்குப் பார்த்துவிடலாம், வீட்டிலேயே.

[7:31] விக்கி: அப்படியே ஒரு ப்ளோ ஆஃப் வால்வும் போட்டுவிடலாம் அண்ணா. கியர் மாற்றும்போது புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும் பார், ஐந்து ரோட்டில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

[7:32] அம்மா: இப்போது டிராஃபிக் போலீஸ் மட்டும் திரும்பிப் பார்க்கிறார், அது போதாதா?

[7:40] செந்தில் சித்தப்பா: ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். தொழில் இன்சூரன்ஸ் என்பதால் சொல்ல வேண்டியது என் கடமை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ ஒரு முறை படித்துப் பாருங்கள். கம்பெனி கொடுத்த அசல் விவரக்குறிப்பு மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஏர் ஃபில்டர், பிளக் இதெல்லாம் தேய்ந்தால் மாற்றுவது, அது வேறு. சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜின் சக்தியை ஏற்றிவிட்டு, நாளைக்குத் தொப்பூர் இறக்கத்தில் ஏதாவது ஆனால், கிளைம் ஃபைலோடு என்னிடம் வந்து நிற்கக்கூடாது. விக்கி, உன் பைக் சைலன்சர் பற்றி வீட்டில் பேசலாம்.

[7:41] விக்கி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[7:41] நித்யா: நான் படித்துவிட்டேன் 😂

[7:55] பிரபு: சரி சித்தப்பா. ஆனால் மாமா, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ரீமேப் போட்டால் இன்ஜினுக்கு என்ன ஆகும்?

[8:14] குமார் மாமா: போடுகிறவனைப் பொறுத்தது. நல்லவன் டைனோ என்கிற சக்தி அளக்கிற மேடையில் ஏற்றி, பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கிற நாக்கிங் வருகிறதா, உள்ளே போகிற காற்று எவ்வளவு சூடாகிறது எல்லாம் பார்த்து எழுதுவான். மற்றவன் லேப்டாப்பில் இருக்கிற ஃபைலை ஏற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொள்வான். நம் ஊரில் இன்னொரு சிக்கல், பக்கத்திலேயே மலை. ஒரு கணக்கு போட்டுப் பார். இப்போது உச்சம் 180. சேலத்தில் அது வெளிக்காற்றைப் போல் 1.8 மடங்கு, ஏற்காட்டில் 2.1 மடங்கு. அதாவது மேலே போனதும் டர்போ ஏற்கெனவே கூடுதல் வேலை செய்கிறது. ரீமேப்பில் 210 கேட்டால்? இங்கே 2.1 மடங்கு. ஏற்காட்டில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அந்தச் சின்ன டர்போ தன் எல்லைக்கு மேல் சுற்றும், காற்று கொதிக்கும், இன்டர்கூலர் திணறும். சமவெளியில் இருக்கிறவனுக்கு ஒத்துவருகிற மேப், 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவனுக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது.

[8:16] குமார் மாமா: பெட்ரோலும் இருக்கிறது. ஆக்டேன் 100 பெட்ரோலுக்கு எழுதின மேப்பில், கிடைக்காத ஊரில் சாதாரணப் பெட்ரோலை ஊற்றினால் இன்ஜின் நாக்கிங் அடிக்கும். கம்ப்யூட்டர் பிளக் பொறி விடுகிற நேரத்தைத் தள்ளிப்போட்டுக் காப்பாற்றப் பார்க்கும். அப்போது காசு கொடுத்து ஏற்றின சக்தியும் போய்விடும்.

[8:20] அம்மா: குமாரு, சாப்பிட்டாயா? தட்டுவடை செட் வாங்கி வைத்திருக்கிறேன், வருகிறாயா?

[8:21] குமார் மாமா: அஸ்தம்பட்டியிலிருந்து தட்டுவடைக்காக வர மாட்டேன் அக்கா. காலையில் வருகிறேன், ஹோஸையும் பார்த்துவிடலாம்.

[8:21] அம்மா: காலைக்கு நமுத்துப்போகும்.

[8:35] குமார் மாமா: அக்கா, கதவைத் திற.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 6:05] அத்தை: படம்
இனிய காலை வணக்கம் 🌹

[9:12] பிரபு: படம்
பிவிசி எண்ட் கேப். மொட்டை மாடி டேங்க் வேலையில் மிச்சமானது. நடுவில் ஓட்டை போட்டு, பஞ்சர் கடையில் வாங்கின டியூப்லெஸ் வால்வை மாட்டியிருக்கிறோம். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் இதைச் சொருகி கிளிப் போட்டாயிற்று.

[9:13] விக்கி: இதுதான் உங்கள் பெர்ஃபார்மன்ஸ் பார்ட்டா அண்ணா?

[9:15] குமார் மாமா: சிரிக்காதே. மிதி பம்ப்பில் 5 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றினால் போதும். கம்ப்ரசரை வைத்து 20, 30 என்று ஏற்றினால் இன்ஜின் சீலைக் கிழித்துக்கொண்டு ஆயில் ஒழுகும். அப்புறம் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு அந்தப் பக்கம் கையை விடக்கூடாது.

[9:31] பிரபு: ஏற்றிவிட்டோம். எங்கேயோ உஸ் என்று கேட்கிறது, எங்கே என்று தெரியவில்லை. மாமா சோப்புத் தண்ணீர் கேட்கிறார்.

[9:40] அம்மா: துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற இஸ்திரி பாட்டிலை யார் எடுத்தது?

[9:40] பிரபு: தெரியவில்லை அம்மா.

[9:46] பிரபு: படம்
கண்டுபிடித்துவிட்டோம்!! இன்டர்கூலரிலிருந்து வெளியே வருகிற ஹோஸ். பாருங்கள், ஆப்பத்தின் ஓரம் மாதிரி நுரை பொங்குகிறது.

[9:47] நித்யா: சித்தி, போட்டோவில் இடது மூலை. ரோஸ் கலர் பாட்டில்.

[9:47] அம்மா: பிரபு.

[9:48] பிரபு: கழுவித் தந்துவிடுகிறேன் அம்மா.

[10:20] குமார் மாமா: கிளிப்பைக் கழற்றிப் பார்த்தாயிற்று. குழாயின் முனையில் வரம்பு மாதிரி ஒரு மேடு இருக்கும். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும், கிளிப் அதற்கும் உள்ளே உட்கார வேண்டும். இங்கே கிளிப் மேட்டின் மேலேயே பாதி ஏறி நிற்கிறது. மிதமாக ஓட்டினால் தெரியாது. அழுத்தம் ஏறும்போதுதான் ஹோஸ் வாயைத் திறக்கிறது. உள்ளே லேசாக ஆயில் ஈரம் வேறு, அதில் ஹோஸ் வழுக்கும். இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் மாட்டியிருக்கிறேன். கொஞ்சம் ஆயில் ஈரம் டர்போ வண்டியில் சகஜம், பயப்பட வேண்டாம்.

[10:22] செந்தில் சித்தப்பா: செலவு?

[10:22] பிரபு: வால்வு, ஒரு புதுக் கிளிப். பஞ்சர் கடைக்காரர் சில்லறை இல்லை என்று இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

[10:31] ஏற்காடு பெரியப்பா: மேலே வா கண்ணு, ஓட்டிப் பார்த்ததாகவும் இருக்கும், பலாப்பழம் எடுத்துப் போனதாகவும் இருக்கும். ஆனால் ஒன்று. பிரேக் ஆயில் எப்போது மாற்றினாய்?

[10:32] பிரபு: வண்டி வாங்கி மூன்று வருஷம் ஆகிறது பெரியப்பா. நான் மாற்றவில்லை.

[10:44] ஏற்காடு பெரியப்பா: நீங்கள் எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடிவாரம் செக்போஸ்ட்டில் வந்து நின்று பார், பிரேக் கருகுகிற வாடை அடிக்கும். பாதிப் பேர் நாலாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறார்கள். ஏறின கியரில் இறங்கு. எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு, மலையில் ஏறுகிறவனுக்குத்தான் முதல் உரிமை.

[10:49] குமார் மாமா: பெரியவர் சரியாகப் பிடித்தார். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. இவன் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் கொடுத்திருக்கிறான், உள்ளே ஓடுகிற ஆயில் பழசு!

[10:51] பிரபு: சரி, பிரேக் ஆயில் மாற்றாமல் மலைக்குப் போகவில்லை. பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் இருப்பார்.

[10:52] குமார் மாமா: டெஸ்ட் ஓட்டும்போது ஓபிடி நம்பரை நீ போனில் பார்க்கக்கூடாது. பக்கத்தில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். விக்கி வேண்டாம்.

[10:52] விக்கி: 😐

[மதியம் 2:18] அம்மா: நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அடிவாரம் தாண்டியாயிற்று. எந்த நம்பரைப் பார்க்க வேண்டும் குமாரு?

[2:19] குமார் மாமா: இன்டேக் பிரஷர் அக்கா. அவன் முழுசாக மிதிக்கும்போது எவ்வளவு வரை போகிறது என்று பார்.

[2:26] அம்மா: 96, 112, 131, 58, 40. இது என்ன, ஷேர் மார்க்கெட் மாதிரி குதிக்கிறது.

[2:31] அம்மா: 177 வந்தது! அதிகமா, கம்மியா?

[2:31] குமார் மாமா: அருமை அக்கா. ஹோஸ் பிடித்துவிட்டது.

[2:33] அம்மா: முதுகை சீட்டோடு அழுத்துகிறது. இதற்கு மேல் வேகம் எதற்கு என்று இவனைக் கேள். வயிற்றைப் புரட்டுகிறது, இனி நான் போனைப் பார்க்க மாட்டேன்.

[3:05] ஏற்காடு பெரியப்பா: வந்துவிட்டார்கள். வந்ததும் இன்ஜினை அணைக்கப் போனான், நான்தான் ஒரு நிமிடம் ஓடட்டும் என்று நிறுத்தி வைத்தேன்.

[3:07] நித்யா: அப்பா, உங்கள் ஜீப்பில் டர்போவே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?

[3:09] ஏற்காடு பெரியப்பா: எஸ்டேட்டுக்கு வருகிற லாரிக்காரர் எல்லாம் ஏறி வந்ததும் அப்படித்தான் ஓடவிட்டு நிற்பார்கள். கேட்டேன், சொன்னார்கள். டர்போவுக்குள் சூடு இறங்குவதற்குள் ஆயில் ஓட்டம் நின்றால் அங்கேயே கருகிப்போகுமாம்.

[3:15] விக்கி: அண்ணா, அப்போ ரீமேப்?

[3:16] பிரபு: முதலில் டயர். பின் சக்கரம் இரண்டும் வழுக்கையாகிவிட்டது. ரீமேப் பற்றி அப்புறம் பேசலாம்.

[3:16] செந்தில் சித்தப்பா: அப்புறமும் வேண்டாம்.

[3:40] அம்மா: குமாரு, கிளம்பலாம் என்று சாவியைப் போட்டான், இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. 98 இருக்க வேண்டும் என்றாயே, இங்கே 85தான் காட்டுகிறது. மறுபடியும் கெட்டுப்போச்சா?

[3:41] குமார் மாமா: அக்கா...

[3:41] பிரபு: நான் சொல்லிவிடுகிறேன் மாமா.