போர்குண்ட் மரத் தேவாலயம் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது எவ்வாறு?

கேள்வி (ஏற்காட்டிலிருந்து):
சேர்வராயன் மலையின் மழையிலும் மூடுபனியிலும் எங்கள் வீட்டு மரத்தூண்களின் அடிப்பகுதி முப்பதே ஆண்டுகளில் உளுத்துப்போயிற்று. அவ்வாறிருக்க, நார்வேயில் ஏறத்தாழ 1180-இல் எழுந்த போர்குண்ட் பங்குத் தேவாலயம், முழுக்க மரத்தாலானதாயிருந்தும், இன்றும் நிற்பது எப்படி?

பதில் (சேலம், அஸ்தம்பட்டி):
ஐயா, காரணம் அடித்தளத்தில் உள்ளது. அந்நாட்டின் தொடக்ககாலத் தேவாலயங்களில் தூண்களை நேரே மண்ணில் நட்டதால் அவையும் உங்கள் தூண்களைப் போலவே அழுகின. பின்வந்த தச்சர்கள் கல்வரிசையின்மேல் கிடைமரச் சட்டம் அமைத்து, அதன்மீது தூண்களை நிறுத்தியதால் மண்ணின் ஈரம் மேலேறவில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தூணுக்கடியில் கருங்கல் வைப்பதும் இதே அறிவுதான். பைன் மரத்திலிருந்து எடுத்த தாரைத் தலைமுறைதோறும் வெளிப்புறத்தில் பூசியதும் மரத்தைக் காத்தது.

பதில் (சேலம், ஓமலூர் சாலை):
மழையைவிடப் பெரிய ஆபத்து மனிதரால் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பங்கு மக்களில் குறிப்பிட்ட பகுதியினருக்குத் தேவாலயத்தில் இடமிருக்கவேண்டும் என்று 1851-இல் சட்டம் வந்தபின், சிறிய பழங்கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. போர்குண்டிலும் 1868-இல் அருகிலேயே புதிய தேவாலயம் எழுந்தது; ஆயினும் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் 1877-இல் பழையதை விலைக்கு வாங்கியதால் அது தப்பியது. இத்தகையவை நார்வேயில் இன்று 28 மட்டுமே எஞ்சியிருப்பது என்னை மிகவும் வருத்துகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. புதிய தூண்களைக் கருங்கல்லின்மேல் நிறுத்தும்படி தச்சரிடம் இன்றே சொல்லிவிட்டேன்.